எண்பத்தேழாம் பகுதியில் ஒரு பெயர்

பீளமேட்டில் பம்ப்செட் செய்யும் ஒரு கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாகப் பத்மாவதி எழுதிவரும் புத்தகத்தை யாரும் படித்ததில்லை. மோட்டாருடன் அட்டைப்பெட்டிக்குள் வைக்கிற கையேடு அது. ‘தண்ணீர் இல்லாமல் ஓட்டாதீர்கள்’ என்று முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் போட்டிருப்பாள். வாங்கியவர் முதல் வேலையாகத் தண்ணீர் இல்லாமல் ஓட்டி, புகையவிட்டு, கம்பெனிக்குப் போன் அடிப்பார். அதற்கெல்லாம் கோபப்பட்டது ஒரு காலம். இப்போது கோபப்படவும் தெம்பில்லை.

அவளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. யாரும் கொடுக்காமல் தானே இழுத்துப் போட்டுக்கொண்டது. இணையத்தில் ஆளுக்குக் கொஞ்சமாகச் சேர்ந்து எழுதும் ஒரு தமிழ்க் கலைக்களஞ்சியத்தில் அவள் மதிப்பாய்வாளர். யாராவது கட்டுரை எழுதி ‘நல்ல கட்டுரை’ முத்திரை கேட்டால், வரிவரியாகப் படித்து, அதற்கென்று இருக்கும் பேச்சுப் பக்கத்தில் கருத்துச் சொல்ல வேண்டும். முதலில் நல்லதாக நாலு வார்த்தை, அப்புறம் குறை, கடைசியில் அதைச் சரிசெய்ய ஒரு வழி. வழி சொல்லாமல் குறை மட்டும் சொல்லக் கூடாது என்பது அவளாகப் போட்டுக்கொண்ட சட்டம். “கலெக்டர் ஆபீஸ் ஃபைல் கெட்டது போ,” என்று கணவர் ரவிக்குமார் கிண்டலடிப்பார். பதினோரு வருஷமாயிற்று. திருத்தச் சொன்னால் மல்லுக்கு நிற்பவர்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்து, இந்த மாதத்தோடு தலைமுழுகிவிட வேண்டும் என்று மூன்று மாதமாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் ‘கூடுதுறை மருமகள்’ வந்து சேர்ந்தாள். பவானிப் பக்கம் எடுத்த டிவி சீரியல். கட்டுரை சீரியலைப் பற்றியது கூட இல்லை, அதன் எண்பத்தேழாம் பகுதியைப் பற்றி மட்டும். ஒருநாள் ஓடிய இருபத்திரண்டு நிமிஷத்துக்கு இரண்டாயிரம் சொல்! வேலையற்ற வேலை என்று முனகிக்கொண்டே, மதிய இடைவேளையில் டிபன் பாக்ஸைத் திறந்துவைத்துப் படிக்க ஆரம்பித்தாள்.

தயிர்சாதம் அப்படியே காய்ந்துபோனது. கட்டுரை அவ்வளவு சுத்தம். கதைச் சுருக்கம் அளவாக இருந்தது. படப்பிடிப்பு, விமர்சனம் எல்லாவற்றுக்கும் பத்திரிகை, தேதி, பக்க எண் இருந்தன. மகன் வீட்டிலிருந்து வெளியேறும் மாமியார் பஸ் கண்டக்டரிடம், ‘எந்த ஊருன்னு கேக்காதீங்க, கடைசி ஸ்டாப்புக்கு ஒண்ணு குடுங்க’ என்று கேட்கும் காட்சியைத் தெருவே பேசியது பத்மாவதிக்கும் நினைவிருந்தது. ஒரே ஒரு வரிதான் இடித்தது. ‘இப்பகுதியின் வசனங்களை எழுதியவர் கொடுமுடி சி. குழந்தைவேல்.’ டைட்டிலில் ஓடியது வேறு பெயர். ஆதாரம் என்று கொடுத்திருந்த இணைப்பைத் திறந்தாள்.

நாளிதழின் ஏழாம் பக்கத்தில் ஒரு நினைவஞ்சலி விளம்பரம். மாலை போட்ட படம், தோற்றம், மறைவு, அதற்குக் கீழே ‘கூடுதுறை மருமகள் 87ஆம் பகுதி வசனகர்த்தா’. கண்ணீருடன், சகோதரி நாச்சியம்மாள். கட்டுரையை எழுதியவரும் நாச்சியம்மாள்தான்.

நம் பக்கத்தில் பேப்பரில் வந்துவிட்டால் அது உண்மை, நாமே கொடுத்த விளம்பரமானாலும் சரி. பத்மாவதிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது; இன்னொரு முறை படித்ததும் அது போய்விட்டது. இரண்டாயிரம் சொல்லும் எந்த ஒரு வரிக்காக எழுதப்பட்டது என்று தெரிந்துபோயிற்று.

வழக்கம்போலப் பாராட்டி எழுதினாள். பிறகு, குடும்பத்தார் கொடுத்த விளம்பரம் ஆதாரமாகாது, வேறு ஆதாரம் கிடைக்காவிட்டால் அந்த வரியை நீக்க வேண்டும் என்று எழுதினாள். எழுதிய கையே கசந்தது. நாச்சியம்மாள் பதிலுக்குச் சண்டை போடவில்லை; போனில் பேச முடியுமா என்று கேட்டிருந்தார். பதினோரு வருஷத்தில் யாருக்கும் தராத நம்பரைப் பத்மாவதி தந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வந்தது.

“ஏனுங்க, பத்மாவதிங்களா? கொடுமுடில இருந்து நாச்சியம்மாள் பேசறனுங்க. பேப்பர்ல வந்தாத்தான் நம்புவாங்கன்னு போட்டனுங்க. அதும் ஆவாதுங்களா?”

“நாமளே குடுத்தது ஆவாதுங்க. கூட வேலை செஞ்சவங்க யாராச்சும் பேட்டில சொல்லியிருக்கோணும்.”

“யாருங்க சொல்லுவாங்க? பெரிய ரைட்டருக்குக் காய்ச்சல்னு தம்பிய ரெண்டு நாள்ல எழுதச் சொன்னாங்க. எழுதிக் குடுத்துப்போட்டான். பேரு அடுத்த வாட்டி போடறோம்னாங்களாம். அடுத்த வாட்டி அவனக் கூப்பிடவே இல்லீங்க. அந்த பஸ் டிக்கெட் பேச்சு எங்கம்மா பேசுனதுங்க. நானும் தம்பியும் பக்கத்துல நின்னோமுங்க,” என்றார்.



“நான் நம்பறனுங்க,” என்றாள் பத்மாவதி. “நான் நம்பறது ஆதாரமாவாதுங்களே.”

“அதுக்கு நீங்க என்னங்க பண்ணுவீங்க? இவ்வளவு நேரம் கேட்டீங்களே, அதே போதுமுங்க. வெச்சிடட்டுங்களா?”

திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அந்த வாரம் முழுக்கப் பத்மாவதி தேடினாள். சினிமாப் பத்திரிகைகள், நடிகர்களின் பேட்டிகள், விழாப் படங்களின் அடிக்குறிப்புகள் என்று ஒன்றையும் விடவில்லை. குழந்தைவேல் எங்கேயும் இல்லை. நடிகையைப் புகழ்ந்திருந்தார்கள், டைரக்டரைப் புகழ்ந்திருந்தார்கள், காய்ச்சலில் படுத்திருந்த ரைட்டரையும் புகழ்ந்திருந்தார்கள்.

சனிக்கிழமை பேச்சுப் பக்கத்தில் நாச்சியம்மாள் எழுதியிருந்தார்: ‘நீங்கள் சொன்ன வரியை எடுத்துப்போட்டேனுங்க. மற்றதெல்லாம் சரியாக இருக்கிறதா, பார்த்துச் சொல்லவும்.’

பத்மாவதி பார்த்தாள். ஏதாவது ஒரு பிழை அகப்பட்டால் முத்திரையைத் தள்ளிப்போடலாம் என்று மூன்று முறை படித்தாள். ஒன்றும் அகப்படவில்லை. எல்லாம் சரியாக இருந்தது, எழுதியதன் காரணம்தான் இல்லை. முத்திரையைப் போட்டாள். இனி இந்த வேலையே வேண்டாம் என்று அப்போது நினைத்தது சத்தியமான நினைப்பு.

கம்ப்யூட்டரை மூடப்போனவள் நின்று, பேச்சுப் பக்கத்தில் கடைசிக் கருத்தாக எழுதினாள்: ‘இப்பகுதியின் வசனங்களை எழுதியவர் தன் தம்பி, கொடுமுடி சி. குழந்தைவேல் என்று கட்டுரையாளர் தெரிவிக்கிறார். ஆதாரம் இல்லாததால் அப்பெயரை நீக்கச் சொன்னது நான். ஆதாரம் கண்டவர்கள் சேர்க்கவும். இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.’

பேச்சுப் பக்கத்தை யாரும் அழிப்பதில்லை. அவளுடைய மோட்டார் கையேட்டைப் போல, யாரும் படிப்பதும் இல்லை. திங்கட்கிழமை மதியம் டிபன் பாக்ஸைத் திறந்துவைத்து எட்டிப் பார்த்தாள். கீழே ஒரு வரி வந்திருந்தது.

‘அவன் பேரை முழுசாக எழுதியதற்கு நன்றிங்க.’