வாசக்கால் முன்னால் ஒரு போட்டோ

செம்பாக்கம் ஏரிக்குப் பின்பக்கம் எங்கள் இடம். பட்டா முதலில் என் வீட்டுக்காரர் பேரில் இருந்தது. அவர் போன பிறகு மகன்தான் ஆபீசுக்கு அலைந்து என் பேருக்கு மாற்றினான். கையெழுத்தை வீட்டிலேயே வாங்கிக்கொண்டு போய்விட்டான். எனக்கும் அதுதான் சௌகரியம். நாலு பேர் இருக்கிற இடத்தில் யாராவது என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாலே யார் பின்னாலாவது போய் நின்றுகொள்வேன்.

அந்த இடத்தில் சிமெண்ட் ஷீட் போட்ட வீடு ஒன்று இருந்தது. வெயிலில் உள்ளே இருக்க முடியாது. மழையில் ஏரித் தண்ணீர் கட்டிலுக்கு அடியில் வந்து நிற்கும். அரசாங்கத்தில் வீடு கட்டப் பணம் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு மகன் எழுதிப் போட்டான். பட்டியலில் எங்கள் பேரும் வந்துவிட்டது. மருமகள் அன்று கேசரி கிளறினாள்.

பணம் மொத்தமாக வராது. பேஸ்மட்டம் எழுப்பினால் கொஞ்சம், ஜன்னலுக்கு மேலே லிண்டல் மட்டம் வரை சுவர் வந்தால் கொஞ்சம், தளம் போட்டால் கொஞ்சம் என்று வேலைக்குத் தகுந்த மாதிரி வரும். ஒவ்வொரு தடவையும் போட்டோ எடுத்துப் போனில் ஏற்ற வேண்டும். அதற்கென்று ஆபீசிலிருந்து ஒரு இன்ஜினியர் பெண் ஸ்கூட்டரில் வருவாள். சின்ன வயசு. ஹெல்மெட்டைக் கழற்றாமலே பேசுவாள்.

அவள் கொடுத்த பிளான்படி ஒரு ஹால், ஒரு ரூம், சமையலறை, பாத்ரூம். இருக்கிற இடத்தில் அவ்வளவுதான் வரும். பின்வாசல் இல்லை. பழைய வீட்டில் எனக்குப் பின்வாசல்தான் எல்லாம். பாத்திரம் கழுவுவது, வெங்காயம் உரிப்பது, முன்னால் யாராவது வந்தால் எழுந்து போய் நிற்பது எல்லாம் அங்கேதான். ஒரு பின்வாசல் வைக்க முடியாதா என்று மகனிடம் கேட்டுப் பார்த்தேன். அளவு மாறினால் பணம் வராது என்றான்.

வீட்டை இடித்துவிட்டு அடுத்த தெருவில் ஒரு ரூமை வாடகைக்குப் பிடித்தோம். ஆவணியில் பேஸ்மட்டம் முடிந்தது. இன்ஜினியர் பெண் அதை மட்டும் போட்டோ எடுத்துப் போனாள், முதல் பணம் வந்தது. ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் சந்தில் எம்-சாண்ட் லாரி நுழைய முடியவில்லை. பேஸ்மட்டத்தின் மேல் கோழிகள் ஏறி நின்றன. மழை விட்டு வெயில் வந்தபோது மார்கழி பிறந்துவிட்டது.

மார்கழியில் எங்கள் பக்கம் வாசக்கால் வைக்க மாட்டார்கள். வாசக்கால் நிற்காமல் சுவர் எழுப்பவும் மாட்டார்கள். இன்ஜினியர் பெண் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். மகன் விஷயத்தைச் சொன்னான்.

"உங்களுக்கு மார்கழி இருக்குங்க, எனக்கு மார்ச் இருக்கு," என்றாள். "மார்ச்சோட கணக்க மூடிடுவாங்க. அதுக்குள்ள தளம் போட்டுக் காட்டலன்னா மிச்சப் பணம் திரும்பிப் போய்டும். அப்புறம் யார் கைல கால்ல விழுந்தாலும் வராது."

அன்றிலிருந்து எங்களுக்கு அதே பேச்சுதான். கூரையில்லாத நாலு சுவர் எங்கள் தெருவிலேயே ஒன்று உண்டு. பணம் நின்றுபோன வீடு. உள்ளே ஆமணக்குச் செடி ஆளுயரம் வளர்ந்திருக்கும். மகன் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அதைப் பார்த்துக்கொண்டேதான் போவான்.

தை பிறந்து முதல் முகூர்த்தத்தில் வாசக்கால் வைத்தார்கள். நிலைக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாவிலை கட்டி, அடியில் நவதானியம் போட்டு, தெருவில் இருக்கிற சுமங்கலிகள் எல்லாம் பால் ஊற்றினார்கள். நான் வாடகை ரூமில் வந்தவர்களுக்குக் காபி போட்டுக்கொண்டிருந்தேன். என்னை யாரும் வராதே என்று சொல்லவில்லை. சொல்கிற வரைக்கும் நான் வைத்துக்கொள்ள மாட்டேன். அவர் தவறிய அடுத்த வருஷம் கூடுவாஞ்சேரியில் என் தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசம். வாசலில் நின்றுகொண்டிருந்த என்னை யாரோ கையைப் பிடித்து மெதுவாகத்தான் உள்ளே கூட்டிப் போய் ஒரு மூலையில் உட்கார வைத்தார்கள். கோபமாகக்கூட இல்லை. அந்த மெதுவான கை எனக்கு மறக்கவில்லை. அதிலிருந்து நல்ல காரியம் என்றால் நானே முன்கூட்டிப் பின்னால் போய்விடுவேன்.

வாசக்கால் நின்றதும் மேஸ்திரி வேகமாகச் சுவர் எழுப்பினார். லிண்டல் மட்டம் வந்துவிட்டது. அந்தச் சமயம் இன்ஜினியர் பெண் வேறு ஊர்ப் பக்கம் வீடுகளைப் பார்க்கப் போயிருந்தாள். இந்தத் தடவை வாசல் முன்னால் வீட்டுக்காரம்மாவை நிற்க வைத்து நீங்களே போட்டோ எடுத்து அனுப்புங்கள் என்று மகனிடம் போனில் சொல்லியிருக்கிறாள்.

மகன் வந்து சொன்னதும் நான் மருமகளைப் பார்த்தேன். பூசின மஞ்சள்கூட மங்காத வாசக்கால். அதன் முன்னால் போய் நான் நிற்பதா? நீ போய் நில்லும்மா என்றேன். அவள் தலை வாரி, பூ வைத்துக்கொண்டு, பச்சைப் புடவையில் போய் நின்றாள். மகனும் ஒன்றும் யோசிக்கவில்லை. எடுத்து அனுப்பிவிட்டான். வீட்டுக்காரம்மா என்றால் எங்கள் மூன்று பேருக்குமே அவள்தான் தோன்றினாள்.

மாசி பாதி ஆகியும் பணம் வரவில்லை. தளத்துக்கு அடியில் முட்டுக் கொடுக்கிற சென்ட்ரிங் ஷீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தால்தான் ஆள் வருவான். கொடுக்கக் கையில் இல்லை. மேஸ்திரி வேங்கைவாசலில் வேறு வேலைக்குப் போய்விட்டு, மனசு கேட்காமல் அப்பப்போ வந்து சுவருக்குத் தண்ணீர் அடித்துவிட்டுப் போவார்.

ஒரு காலையில் இன்ஜினியர் பெண் நேரில் வந்தாள். மேஸ்திரியும் அன்று இருந்தார். போட்டோவில் இருப்பவர் முகமும் பட்டாக்காரர் ஆதார் கார்டில் இருக்கிற முகமும் வேறு வேறாக இருக்கிறது என்று மேலே பணத்தை நிறுத்தி வைத்துவிட்டார்களாம். பட்டாக்காரர் யார் என்று கேட்டாள். நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றிருந்தேன். மகன் தலையைச் சொறிந்துகொண்டு, அம்மா கொஞ்சம் கூச்சப்படுவாங்க மேடம் என்றான்.

"கூச்சம் இருக்கட்டும். இந்த வாரம் போட்டோ ஏறலன்னா மார்ச்சுக்குள்ள தளம் கிடையாது. வாங்கம்மா, வந்து நில்லுங்க."

நான் நகரவில்லை. நகர வரவில்லை. நாளைக்கு மகனும் மருமகளும் வாழப் போகிற வீடு. ஏதாவது ஒன்று ஆனால் அன்றைக்கு இவள் வந்து நின்றாளே என்று நானே என்னைச் சொல்லிக்கொள்ள மாட்டேனா?

மேஸ்திரிக்குப் புரிந்துவிட்டது. தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டார். "யக்கா, வாசக்கால் வெச்சது நானு. உன்னப் பாத்து அது சாஞ்சி வுயாது. வுந்தா சொல்லு, கூலி வாங்காம கட்டித் தரேன்," என்றார்.

அப்போதும் நான் நின்ற இடத்திலேயே நின்றேன். மருமகள்தான் கிட்டே வந்தாள். அவளும் நானும் அதிகம் பேசிக்கொள்ள மாட்டோம். சண்டையும் கிடையாது, கொஞ்சலும் கிடையாது.

"நான் பூ வெச்சினு போய் நின்னேன். இன்னா ஆச்சி, பணம் நின்னு போச்சி," என்றாள். "என் ராசியப் பாத்தாச்சி அத்தை. நீங்க போங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு போனேன்.

வாசலுக்கு ஒரு ஓரமாக நின்றேன். இன்ஜினியர் பெண் நடுவில் வரச் சொன்னாள். வந்தேன். கையைக் கீழே எடுங்கம்மா, வாய் தெரியல என்றாள். எடுத்தேன். எங்கள் சந்தில் டவர் சரியாகக் கிடைக்காது. இடம் எது என்று போன் கண்டுபிடித்த பிறகுதான் போட்டோ எடுக்க முடியுமாம். இன்னும் சுத்துது, அப்படியே நில்லுங்க என்றாள். நின்றேன். குழாயடியில் குடம் வைத்திருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பயிற்சி விமானம் ஒன்று தாழ்வாகப் போய்த் திரும்பவும் வந்தது. தயிர்க்காரர் வண்டியை நிறுத்திவிட்டு என்ன விஷயம் என்று விசாரித்தார். பட்டாக்காரம்மா போட்டோ எடுக்கிறாங்க என்று மேஸ்திரி சொன்னார். என் வாழ்நாளில் ஒரு வீட்டு வாசலில் அவ்வளவு நேரம் நான் நின்றதில்லை. முதலில் குழாயடி ஆட்கள்தான் தெரிந்தார்கள். அப்புறம் வெயில்தான் தெரிந்தது. சுவரிலிருந்து ஈரச் சிமெண்ட் வாசனை வந்தது.

எடுத்த பிறகு இன்ஜினியர் பெண் போனைக் காட்டினாள். நிலையைத் தொட்டுவிடக் கூடாது என்று நான் பார்த்துப் பார்த்துத்தான் நின்றேன். போட்டோவில் என் வலது கை நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தது. எப்போது பிடித்தேன் என்று தெரியவில்லை. வேறு எடுக்கலாமா என்று கேட்டேன்.

"எதுக்கும்மா, நல்லாத்தான இருக்கு," என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

பணம் வந்தது. பங்குனி பிறந்து தளம் போட்டார்கள். கலவை மிஷின் சத்தத்தில் தெருவில் யாரும் பேச முடியவில்லை. மறுநாள் தளத்தின் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினார்கள். இன்ஜினியர் பெண் ஓடி வந்து அந்தப் போட்டோவையும் எடுத்துக்கொண்டு, மார்ச் முடிவதற்குள் வேறு வீட்டுக்கு ஓடினாள். அந்தத் தடவை அவள் கூப்பிடுவதற்கு முன்பே நான் முகம் கழுவிக்கொண்டு வந்திருந்தேன். வெட்கம் இல்லாமல் இல்லை. பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தது.

பூச்சு வேலை எல்லாம் முடிந்து வைகாசியில் பால் காய்ச்சினோம். விடியற்காலையில் மருமகள் பால் குடத்தோடு வாசலில் நின்றாள். பக்கத்துப் பெண்கள் தட்டுகளோடு அவளுக்குப் பின்னால் நின்றார்கள். நான் பழக்கத்தில் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனேன். அங்கே சுவர்தான் இருந்தது. புதுச் சுண்ணாம்பு அடித்த சுவர். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்புறம் திரும்பி முன்பக்கம் வந்தேன்.

எல்லாரும் அப்படியே நின்றிருந்தார்கள். எதற்கு நிற்கிறார்கள் என்று மகனைக் கேட்டேன்.

"உனுக்கோசரம்தாம்மா," என்றான்.