அந்த ஆடு ஏன் செத்தது

எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் என் வேலையைப் பற்றிப் பேசத் தடை. ஆட்டின் இரைப்பையில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும் ஒரு புழுவின் மரபணுக்களை ஆராய்வதுதான் என் உத்தியோகம். ரசம் ஊற்றும்போது பேசக்கூடிய விஷயம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தப் புழுவால் எனக்குப் பழக்கமான ஒரு பெண்ணைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று பல வருஷமாக ஏங்கிக்கொண்டிருக்கிறேன். அதை யாரிடம் சொல்வது?

அடையாற்றங்கரையில் குடிசைகள் இருந்த காலம் அது. ராஜா அண்ணாமலைபுரத்தில் என் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரம்தான். ஆராய்ச்சிக்குப் புழு வேண்டி, ஆடு வளர்ப்பவர்களைத் தேடிப் போனபோது அவளைப் பார்த்தேன். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். ஐந்து ஆடு வைத்திருந்தாள். நாலு ஆடு சுவரொட்டியைக் கிழித்துத் தின்றபடி தெருத்தெருவாகச் சுற்றும். வெள்ளை ஆடு மட்டும் அவள் காலைச் சுற்றியே கிடக்கும். நான் போன அன்று அது எழுந்திருக்கவே இல்லை. அவள் அதன் கீழ் இமையை விரலால் இழுத்துக் காட்டினாள். உள்ளே காகிதம் மாதிரி வெளுத்திருந்தது.

"பாரு டாக்டரம்மா, ஒரு சொட்டு ரத்தம் இல்ல. பூச்சி மருந்து மூணு வாட்டி ஊத்திட்டேன். இன்னா பண்றதுன்னே தெரில."

மறுநாள் காலையில் ஆடு செத்துக் கிடந்தது. வயிற்றை அறுத்துப் புழுவை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். கேட்கும்போது எனக்கே நாக்கு கூசியது. அவள் ஆட்டின் மேல் மொய்த்த ஈயை விரட்டினாள்.

"எடுத்துக்கோ. ஆனா அது ஏன் செத்துச்சுன்னு வந்து சொல்லணும். கணக்கெடுக்க வர்றாங்கோ, போட்டோ புடிக்க வர்றாங்கோ. போனவங்க ஒருத்தரும் திரும்பி வந்தது கெடையாது."

"நான் கண்டிப்பா வருவேன்க்கா," என்றேன்.

சில மாதங்களிலேயே முதல் சோதனையில் விஷயம் தெரிந்துவிட்டது. அந்தப் புழுவின் மரபணு ஒன்று மாறியிருந்தது. அதனால் அவள் ஊற்றிய மருந்து புழுவை அசைக்கக்கூட இல்லை. அன்றே ஆய்வகத்திலிருந்து ஆட்டோ பிடித்துப் போயிருக்கலாம். கால் மணி நேர வேலை. ஆனால் எங்கள் ஆராய்ச்சிக் கூட்டத்துக்கு ஒரு வியாதி உண்டு. அச்சில் வரும்வரை எதையும் உண்மை என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். ஒரு ஆட்டை வைத்து என்ன சொல்ல முடியும், இன்னும் நூறு ஆடு பார்ப்போம், புழுவின் மொத்த மரபணுவையும் படித்துவிடுவோம் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். நிதி நின்றது. இயந்திரம் பழுதானது. கட்டுரை இரண்டு தடவை திரும்பி வந்தது. ஆற்றங்கரைப் பக்கமே போகாமல் வருஷங்கள் ஓடிவிட்டன.

இடையில் ஒரு அசட்டுத்தனமும் செய்தேன். புழுவின் வயிற்றில் இருப்பது ஆட்டின் ரத்தம். அதனால் புழுவின் மரபணுவோடு ஆட்டினுடையதும் கலந்தே வரும். அதைப் பிரித்துக் குப்பையில் தள்ளுவது வழக்கம். எனக்குத் தள்ள மனசு வரவில்லை. இன்னும் என் கணினியில் அது ஒரு கோப்பாக இருக்கிறது. எப்போதாவது திறந்து பார்ப்பேன். மரபணுவின் நாலே எழுத்து மாறிமாறி ஓடும். எவ்வளவு நேரம் பார்த்தாலும் அவள் காலடியில் படுத்திருந்த ஆடு அதில் தெரியாது.

கட்டுரை அச்சான வாரமே மயிலாப்பூரில் பழம் வாங்கிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனேன். குடிசைகள் இருந்த இடத்தில் கம்பிவேலி. எல்லோரையும் ஊருக்கு வெளியே அடுக்குமாடிகளுக்கு அனுப்பிவிட்டார்கள் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்து அங்கே போய் ஒவ்வொரு கட்டடமாக விசாரித்தேன். நாலாவது ஞாயிறு, அவளுக்குப் பக்கத்துக் குடிசையில் இருந்த பெண் கிடைத்தாள். மாடிப்படியில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அதுவா? ஆறு மாசம்கூட இங்க இல்ல. வேலைக்குத் தூரம்னு கெளம்பிப் போயிடுச்சு. எங்க கீதுன்னு யாருக்கும் தெரியாது. போன் நம்பரும் மாறிப்போச்சு."

"ஆடெல்லாம்?"

"அங்க இருக்கசொல்லவே வித்துடுச்சு. ஒரு வருசம் நீ வருவேன்னு பாத்துகினே இருந்துச்சும்மா. அப்பறம், அந்த வெள்ள ஆட்ட மருந்த ஓவரா ஊத்தி நான்தான் சாவடிச்சிட்டேன், அந்த டாக்டரம்மாவுக்கு அது தெரியும், மூஞ்சிக்கு நேரா சொல்ல மனசு வராமதான் வரலன்னு சொல்லிச்சு. நாங்க எவ்ளோ சொல்லியும் கேக்கல."

பழப்பையை அந்தப் பெண்ணிடமே கொடுத்துவிட்டு வந்தேன். இப்போதும் மாம்பலம் ஸ்டேஷன் கூட்டத்தில் அவள் சாயலில் யாராவது நடந்தால் வேகமாக முன்னால் போய்த் திரும்பிப் பார்க்கிறேன். எங்கேயோ இருக்கிறாள். தன் கையால் அந்த ஆட்டைக் கொன்றுவிட்டதாக இன்றைக்கும் நம்பிக்கொண்டு இருக்கிறாள்.