சிக்கந்தர் பாயின் பென்சில்

பந்தியில் உட்காருவதற்கு முன் சிக்கந்தர் டம்ளர் தண்ணீரில் இரண்டு விரலை நனைத்துப் பிடரியில் தடவிக்கொள்கிறார். பிறகு மண்டபத்தின் நடுவே போய், காற்று இறங்கும் கிரில்லுக்கு நேர் கீழே கண்ணை மூடி நிற்கிறார். கல்யாணப் பெண்ணின் தகப்பனார் கும்பிட்ட கையோடு எதிரில் நிற்பது அவருக்குத் தெரியாது. அரை நிமிஷம் கழித்துக் கண்ணைத் திறந்து, "பத்து இன்ச்சு பத்தாதுங்க. பதினாலு வெச்சிருக்கோணும்" என்கிறார். பாவம் அந்த மனிதர், இலையில் ஏதோ குறை என்று நினைத்துச் சமையல்காரரைத் தேடி ஓடுகிறார்.

ஏ.சி. எந்திரம் எங்கோ ஒரு மூலையில் இருக்கும். அதன் காற்றைக் கூடம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்க்க, சீலிங்குக்கு அடியில் நீளமாக ஒரு தகரப்பெட்டி ஓடும். டக்ட் என்பார்கள். அது எத்தனை இன்ச் அகலம், எத்தனை இன்ச் உயரம் இருக்கவேண்டும் என்று சொல்வதுதான் சிக்கந்தரின் தொழில். தகரத்தை வெட்டி, மடித்து, மரச்சுத்தியால் தட்டி மாட்டுவதும் அவர்தான். ஆனால் அதையெல்லாம் அவர் பெரிதாகச் சொல்லிக்கொள்வதில்லை. "தட்டறதுக்குக் கை இருந்தாப் போதுமுங்க. அளவு சொல்றதுக்குத்தான் ஆளு வேணும்" என்பார். காற்றைப் பற்றி அவருக்கு ஒரே சட்டம்தான். "காத்து வரோணும். வந்தது தெரியக்கூடாது."

வயது ஐம்பத்திரண்டு. கோட்டைமேட்டில் வீடு, உக்கடத்தில் பட்டறை. ஒரு பஞ்சாலையில், நூல் அறுந்துபோகாமல் இருக்க ஈரக்காற்று அனுப்பும் பிரிவில் பன்னிரண்டு வருஷம் இருந்தவர். படிப்பு எட்டாவது. என்ஜினீயர் ஒருவர் கொடுத்த அட்டைச் சக்கரம் ஒன்று பையில் உண்டு. இவ்வளவு காற்றுக்கு இவ்வளவு அளவு என்று திருகிப் பார்க்கிற சாமான். சிக்கந்தர் முதலில் அறையை ஒரு சுற்று நடந்து, மனதுக்குள் அளவை முடிவு செய்துவிடுவார். அப்புறம்தான் சக்கரத்தைத் திருகுவார். இரண்டும் ஒத்துப்போனால், "பரவால்லீங்க, சக்கரமும் சரியாத்தான் சொல்லுது" என்று அதற்கு ஒரு நற்சான்றிதழ்.

வீட்டில் அவருக்கென்று படுக்கும் இடம் கிடையாது. ஆடியில் கதவோரம், மார்கழியில் சமையல்கட்டு, மழை பிடித்தால் மாடிப்படிக்குக் கீழே; காற்று போகிற பக்கமெல்லாம் கட்டிலையும் இழுத்துக்கொண்டு போவார். "மாப்பளை பாக்க வந்தவங்க மாப்பளையோட அத்தா எங்கேன்னு கேக்கறாங்க, இவரு படிக்குக் கீழ கட்டல்ல கெடக்கறாரு" என்று மனைவி இஸ்மத் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

அளவு சொல்லி முடித்ததும், டக்ட் வந்து மறைக்கப்போகிற சுவரிலேயே அதைப் பென்சிலால் எழுதிவிடுவார். அந்தப் பென்சில் அப்போதெல்லாம் காதில் செருகியிருக்கும். யாராவது அளவைக் குறைக்கச் சொன்னால் வாக்குவாதம் செய்யமாட்டார். மூஞ்சியைச் சுளிக்கமாட்டார். காதிலிருந்து பென்சிலை எடுத்து நீட்டுவார். "அப்ப நீங்களே எழுதிப்போடுங்க." மருத்துவர்கள், தியேட்டர்காரர்கள், மண்டபம் கட்டிய மில் முதலாளிகள் என்று எத்தனையோ பேர் அந்தப் பென்சிலை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். தன் கையால் எழுதுவதென்றால் யாருக்கும் கொஞ்சம் உதறத்தான் செய்யும். இந்தத் தந்திரத்தில் சிக்கந்தருக்கு உள்ளூரப் பெருமை.

தொண்ணூற்று ஐந்து ஐப்பசியில் பென்சிலை வாங்கி எழுதியேவிட்டார் செங்கோட்டையன். பல்லடத்துக்குப் பக்கத்தில் பருத்தி போட்டுக்கொண்டிருந்த காட்டில் குஞ்சு பொரிக்கும் ஹேச்சரி கட்டியவர். பொரிந்த குஞ்சுகளைப் பண்ணைகளுக்கு அனுப்பும்வரை வைத்திருக்கும் அறைக்கு வெதுவெதுப்பான காற்று வேண்டும். சிக்கந்தர் சுவரில் 24 x 18 என்று எழுதினார்.

"ஏனுங்க பாய், பதினெட்டு இன்ச்சு கீழ தொங்குனா ரேக்குல மேலடுக்கு எப்பிடிங்க வெக்கறது? பாதியாக் கொறைங்க."

"ஓஸ் பைப்பு வாயில பெருவெரலை வெச்சு அமுக்கிப் பாருங்க கவுண்டரே. தண்ணி எங்க போயி விழுகுது? வாயைப் பாதியாக் கொறைச்சா அதே காத்து ரெண்டு பங்கு வேகமா வருமுங்க."

"சூடான காத்துதானுங்களே, வேகமா வந்தா என்ன?"

"சூடு டீயும் ஊதுனா ஆறிப்போகுதுல்லீங்க."

அகலத்தில் கூட்டவும் இடமில்லை; ஒரு பக்கம் ஜன்னல் வரிசை. செங்கோட்டையன் மேலடுக்கை விடுவதாக இல்லை. சிக்கந்தர் வழக்கம்போலப் பென்சிலை நீட்டினார். செங்கோட்டையன் பதினெட்டை அடித்துவிட்டுப் பக்கத்தில் 9 என்று எழுதினார், வால் நீண்ட ஒன்பது. அதன்மேல் டக்ட் ஏறி உட்கார்ந்தது.

மார்கழியில் பட்டறைக்குப் பக்கத்து ஹார்டுவேர் கடைக்குப் போன் வந்தது. பேசியது செங்கோட்டையனின் மனைவி ராசாத்தாள். "ஏனுங்க பாய், நீங்க வெச்ச அளவு தப்பாப் போச்சுங்களே. மூணு நாள்ல நானூறு குஞ்சு போயிருச்சுங்க" என்றார். குரலில் கோபத்தைவிடக் களைப்புதான் அதிகம். தீவனக் கடையிலும் அதையே சொல்லியிருக்கிறார் போலும். வெள்ளகோவிலில் பேசி வைத்திருந்த ஹேச்சரி வேலை, 'அப்புறம் பார்க்கலாம்' என்று தள்ளிப் போயிற்று. காற்றின் அளவு தெரிந்தவர் என்ற பெயர் ஒன்றுதான் சிக்கந்தரின் முதல். அது போனால் அவரும் தகரம் தட்டுகிற நாலு பேரில் ஒருவர்.

பல்லடம் பஸ்ஸில் உட்கார்ந்ததிலிருந்து அவருக்கு ஒரே எண்ணம். டக்டைக் கழற்ற வேண்டும், அந்தம்மாவைக் கூப்பிட்டுச் சுவரைக் காட்ட வேண்டும். புருஷன் கையெழுத்து பெண்டாட்டிக்குத் தெரியாதா? சூலூர் தாண்டுவதற்குள் என்ன பேசுவது என்பதைக்கூட நாலைந்து தடவை சொல்லிப் பார்த்துவிட்டார்.

அறைக்குள் போனதும் பழக்கதோஷத்தில் பிடரியை நனைத்துக்கொண்டு நின்றார். கண்ணை மூட வேண்டியிருக்கவில்லை. காற்று கழுத்தில் அறைந்தது. குஞ்சுகள் எல்லாத் தட்டுகளிலும் காற்றுக்கு ஒதுங்கி ஒரே மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. ராசாத்தாள் தரையில் உட்கார்ந்து, அடியில் நசுங்கியதை ஒவ்வொன்றாக எடுத்து மடியில் போட்டு உள்ளங்கையால் மூடிச் சூடு காட்டிக்கொண்டிருந்தார். சில அசைந்தன. அசையாதவற்றைப் பக்கத்துக் கூடையில் வைத்தார். சிக்கந்தரைப் பார்த்துத் திட்டவில்லை. "வந்துட்டீங்களா பாய், வாங்க" என்றார்.

சிக்கந்தருக்கு வெட்கமாகப் போயிற்று. இப்படித்தான் ஆகும் என்று ஐப்பசியிலேயே அவருக்குத் தெரியும். தெரிந்துதான் தகரத்தை ஒன்பதுக்கு வெட்டினார். முடியாது என்று சொல்லிப் பஸ் ஏறியிருக்கலாம், சொல்லவில்லை. பென்சிலை நீட்டிவிட்டால் தன் பொறுப்பு தீர்ந்தது என்று இருந்துவிட்டார். இத்தனை வருஷமாகக் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தது வெறும் நழுவல்தான் என்று அந்தக் கூடையைப் பார்த்தபோது பட்டது. எழுத்து செங்கோட்டையனுடையது, சரி. காற்று யாருடையது?

செங்கோட்டையன் ஏணியைப் பிடித்துக்கொண்டார். சிக்கந்தர் ஏறி, போல்ட்டுகளைக் கழற்றி, டக்டைக் கூலியாட்கள் இருவர் கையில் இறக்கிக் கொடுத்தார். "பதினெட்டுக்கு மாத்திப்போடறேனுங்க. மேலடுக்கு மட்டும் வேண்டாமுங்க" என்றார். "எடுத்துருங்க, அந்தக் கருமம் எனக்கு வேண்டாம்" என்றார் ராசாத்தாள். பிறகு நிமிர்ந்து பார்த்தார்.

"சொவுத்துல என்னமோ எழுதியிருக்குதுங்களே பாய், யாரு எழுதுனது?"

ஏணி லேசாக ஆடியது.

"எல்லாம் நம்ம கணக்குத்தானுங்க அம்மணி" என்றார் சிக்கந்தர். கட்டைவிரலை நாக்கில் தொட்டு, அந்த வால் நீண்ட ஒன்பதைத் தேய்த்தார். சுண்ணாம்பு பெயரும்வரை தேய்த்தார்.

கீழேயிருந்து செங்கோட்டையன் ஒரு கையை மேலே நீட்டினார். "பாய், பென்சிலைக் குடுங்க. நானே எழுதிப்போடறேன்."

சிக்கந்தர் காதிலிருந்து பென்சிலை எடுத்தார். நீட்டிய கையில் அதை வைக்கவில்லை. ஒன்பது இருந்த இடத்தில் 18 என்று தானே எழுதிவிட்டு, பென்சிலைச் சட்டைப்பைக்குள் போட்டுப் பித்தானை மாட்டினார்.