அஞ்சு மணிக்கு மேல் கூப்பிடக்கூடாது

இந்துஜாவுக்கு ஓரிடத்தில் உட்கார வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கடம்பூருக்குப் பக்கத்தில் அவள் பிறந்த ஊரில், சோறு போட்டால் தட்டைக் கையில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கும் வாசலுக்குமாக நடந்தே தின்று முடித்துவிடுவாள். "கால்ல சக்கரத்தக் கெட்டிப் பெத்துட்டா" என்று சொந்தக்காரர்கள் அவள் அம்மாவைக் கேலி செய்வார்கள். கோவில்பட்டியில் பி.காம் படித்த மூன்று வருடமும், பஸ்ஸில் சீட்டு கிடைத்தாலும் படிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேதான் போய்வந்தாள்.

அவளைப் பாஞ்சாலங்குறிச்சிக்கு மேற்கே ஒரு சின்ன ஊரில், தங்களைப் போலவே ஆடு வளர்க்கிற வீட்டில் கட்டிக்கொடுத்தார்கள். மாமனார் மாயகிருஷ்ணன், புருஷன் கோகுலகிருஷ்ணன், மாமியார் சுப்புத்தாய், தொண்ணூறு செம்மறி. அறுப்பு முடிந்த கரிசல் காடுகளில் ஆம்பளைகள் இரண்டு பேரும் மாறி மாறிக் கிடை போட்டுக் காவல் இருப்பார்கள். வீட்டில் பெண்கள் இரண்டு பேரும் மற்றதெல்லாம் பார்ப்பார்கள். மற்றது என்பது எவ்வளவு என்று யாரும் கேட்டதில்லை.

நல்ல குடும்பம். அடி கிடையாது, திட்டு கிடையாது. ஒரே ஒரு வழக்கம்தான். அந்த வீட்டில் எல்லாமே கூப்பிட்டுத்தான் நடக்கும். இந்து, குட்டிய அவுத்துவிட்டியா? இந்து, டார்ச்ச எங்கன வச்ச? இந்து, உலை கொதிக்கி பாரு. இந்து, ஒன்னுமில்ல, இருக்கியான்னு பாத்தேன். கடைசிக் கூப்பாடுதான் அவளுக்குத் தாங்காது. காலையில் எட்டு மணிக்குப் பஸ் ஏறிப் புதியம்புத்தூர் போனால், அங்கே ரெடிமேட் யூனிட்டில் மேஸ்திரி சங்கரபாண்டியன் கூப்பிடுவார். இந்துஜா, காலர் முடிஞ்சுதா? இந்துஜா, இந்தக் கட்டப் பிரி. தன் பெயர் கெட்டுப்போன பால் மாதிரி அவளுக்கே குமட்ட ஆரம்பித்திருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் கோகுலகிருஷ்ணனுக்கு அந்த யோசனை வந்தது. "நீ பி.காம்லா. குரூப் ஃபோர் எழுதேன். தாலுகா ஆபீஸ்ல உக்காரலாம்." மறுநாளே கோவில்பட்டி போய், செங்கல் கனத்துக்கு ஒரு கைடு வாங்கிவந்தான். சுப்புத்தாய் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வீட்டுக்கும் தெருவுக்கும் சேர்த்து உத்தரவு போட்டாள்.

"அஞ்சு மணில இருந்து ஏழு மணி வரைக்கும் இந்துவ ஒருத்தரும் கூப்பிடக்கூடாது. படிக்கா."

யூனிட்டிலிருந்து வந்ததும் முகம் கழுவி உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள் இந்துஜா. கட்டிலில் உட்கார்ந்தாள். பத்து நிமிஷம் ஆனது. இருபது ஆனது. யாரும் கூப்பிடவில்லை. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

முதல் வாரம் உண்மையாகவே படித்தாள். அதைச் சொல்லிவிட வேண்டும். இரண்டாவது வாரம், ஒரு சந்தேகம் பார்க்கப் போனைத் திறந்தவள் வழுக்கி விழுந்தது ஒரு பேஸ்புக் குழுவில். 'சும்மா சொல்லிட்டுப் போறேன்' என்று அதற்குப் பெயர். பெயர் காட்டாமல் யாரும் எதையும் போடலாம். பதினோரு வருஷமாகப் பொண்டாட்டி கட்டித்தரும் உப்புமாவை ஆபீஸ் வாசல் நாய்க்குப் போட்டுவருவதாக ஒருவர் எழுதியிருந்தார். இப்போது அந்த நாயும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறதாம். பிள்ளைகளுக்குப் பங்கு கொடுக்காமல் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு சாக்லேட் தின்கிற ஒரு தாய். பக்கத்து வீட்டுக்காரர் மூக்கைப் போலவே ஒரு மூக்கோடு காய்த்திருக்கும் கத்தரிக்காயின் படம். தன் கல்யாண ஆல்பத்தில் தான் எல்லாப் படத்திலும் கண்ணை மூடியிருப்பதாக ஒருத்தி புலம்பியிருந்தாள். அவளுக்குக் கீழே நாலாயிரம் பேர் ஆறுதல்.

இந்துஜா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். உலகத்தில் எல்லாரும் எதையோ ஒளித்துவைத்துக்கொண்டு, எதிலோ எரிச்சல்பட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்று தெரிந்ததில் அவளுக்கு அப்படியொரு நிம்மதி. பிறந்ததிலிருந்து நின்றும் நடந்துமே வாழ்ந்தவள், தினமும் இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தாள். வெளியே சுப்புத்தாய் அவள் வேலையையும் சேர்த்துச் செய்தாள். வெங்காயம் உரித்தாள், தண்ணீர் தூக்கினாள், தாய் இல்லாத குட்டிகளுக்குப் புட்டிப்பால் கொடுத்தாள். யாராவது வாசலில் வந்து பேசினால், "சத்தம் போடாதிய, உள்ள படிக்கால்லா!" என்று மூன்றாவது தெருவுக்குக் கேட்கிற மாதிரி அதட்டினாள்.

போன ஆனி மாதம் பரீட்சை. சென்டர் கோவில்பட்டியில். விடியற்காலையில் கோகுலகிருஷ்ணன் பைக்கில் கொண்டுவந்து மணியாச்சி ஸ்டேஷனில் விட்டுவிட்டு, ஆட்டுக்கு நேரமாகிவிட்டது என்று திரும்பிப் போனான். ரயில் வந்தது. நின்றது. இந்துஜா பெஞ்சிலிருந்து எழுந்திருக்கவில்லை. ரயில் போய்விட்டது. சாயங்காலம் அவன் வந்து கூட்டிப்போகிறவரை அங்கேயே இருந்தாள். தயிர்ச்சோறு தின்றாள், போகிற வண்டியெல்லாம் பார்த்தாள். யாருக்கும் அவள் பெயர் தெரியாது. ஐப்பசியில் ரிசல்ட் வந்தபோது, கொஞ்சத்தில் போய்விட்டது என்றாள். யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "அடுத்த தடவை வாங்கிருவ" என்று சுப்புத்தாய் அவள் தலையைத் தடவினாள். அந்தக் கைதான் இந்துஜாவை உறுத்திக்கொண்டே இருந்தது. அன்றிலிருந்து அந்த இரண்டு மணி நேரமும் உட்கார்ந்திருக்க முடியாமல், கதவைச் சாத்திய அறைக்குள்ளேயே போனோடு நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

மாசி மாதம் ஒருநாள் திரும்பிப் பார்த்தபோது, மூன்று மாதக் கிடாக்குட்டி ஒன்று எப்படியோ உள்ளே வந்து, விரித்துக் கிடந்த கைடின்மேல் சௌகரியமாகப் படுத்துக்கொண்டு இந்திய அரசியலமைப்பை ஓரத்திலிருந்து தின்றுகொண்டிருந்தது. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. படம் எடுத்தாள். யார் வீடு என்று தெரிந்துவிடக்கூடாதே என்று சுவரில் தொங்கிய காலண்டரை வெட்டினாள், கைடில் எழுதியிருந்த பெயரை மறைத்தாள், ஓரத்தில் தெரிந்த தன் சேலை முந்தியையும் எடுத்தாள். ஊர்ப் பேச்சு வராமல் பார்த்துப் பார்த்து எழுதினாள். 'அவிய' என்று வந்த இடத்தையெல்லாம் 'அவங்க' என்று மாற்றினாள்.

'நான் படிக்காததை இவனாவது படிக்கட்டும். போன தடவை நான் பரீட்சை எழுதவே இல்லை. ரயில் ஏறாமல் ஸ்டேஷனிலேயே நாள் பூரா உட்கார்ந்திருந்தேன். பாஸானால் வேலைக்குப் போகணும். பெயிலானால் பழையபடி கூப்பிட ஆரம்பிச்சிடுவாங்க. எனக்கு ரெண்டும் வேண்டாம். படிச்சிட்டே இருக்கணும், அவ்வளவுதான். எங்க வீட்ல எல்லாரும் நல்லவங்க, அதுதான் கஷ்டமே. எங்க அத்தை, சத்தம் போடாதீங்க அவ படிக்கிறான்னு கத்துற சத்தம்தான் எங்க தெருவிலேயே பெரிய சத்தம்.'

மறுநாள் யூனிட்டில் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மெஷினுக்கு அடியில் போனை வைத்துக்கொண்டு, ஒரு காலர் தைப்பதும் ஒரு தடவை பார்ப்பதுமாக இருந்தாள். எண்ணூறு லைக். ஆயிரத்து நானூறு. 'நானும் வங்கிப் பரீட்சைக்கு ஆறு வருஷமா இப்படித்தான் படிக்கிறேன் தோழி' என்று ஒருத்தி. 'அத்தைக்கு ஒரு கோயில் கட்டுங்க' என்று ஒருவர். இரண்டாயிரம். பக்கத்து மெஷினில் இருந்த இசக்கிசெல்வி, "என்னட்டி, தனியாச் சிரிக்க?" என்றாள். சாப்பாட்டு மணி அடிக்கிற நேரத்தில் அந்தக் கமெண்ட் வந்தது.

'இது மாயகிருஷ்ணன் மாமா வீட்டு வெட்டுல்லா! குட்டி நல்லாருக்கு. குடுக்கதா இருந்தா சொல்லச் சொல்லுங்க. வன்னியபெருமாள், எட்டயபுரம் சந்தை.'

இந்துஜா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். குட்டியின் இரண்டு காதும் பளிச்சென்று தெரிந்தன. வலது காதின் நுனியில் மீன்வால் போல ஒரு பிளவு. இடது காதின் கீழ்விளிம்பில் ஒரு கொத்து. மந்தையோடு மந்தை கலந்தால் பிரித்தெடுக்க ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு காது வெட்டு உண்டு. சுற்றுவட்டாரத்தில் ஆடு வைத்திருக்கிற யாரும், ஆட்டு வியாபாரி யாரும், காதைப் பார்த்ததும் வீட்டைச் சொல்லிவிடுவார்கள். அவளும் அதே ஜனத்தில் பிறந்தவள்தான். காலண்டரை மறைத்தவள், பேச்சை மாற்றியவள், தினமும் தொண்ணூறு தடவை பார்க்கிற காதை மறந்துவிட்டாள். வீட்டு விலாசத்தைக் குட்டியின் தலையில் எழுதி ஊருக்கெல்லாம் காட்டியிருக்கிறாள்.

உடனே போஸ்ட்டை அழித்தாள். அழிக்கிற நேரத்தில் இரண்டாயிரத்து முந்நூறு லைக் இருந்தது. அந்த நிலைமையிலும் அதற்கு ஒரு சின்ன வருத்தம் வந்ததை அவள் தன்னிடமே மறைக்கவில்லை. அதற்குப் பிறகு தைத்த காலர்கள் பூராவும் தலைகீழ். சங்கரபாண்டியன் வந்து பார்த்துவிட்டு, "இந்துஜா, ஒடம்பு சரியில்லையா? வீட்டுக்குப் போ" என்றார். எந்த நாளும் சொல்லாத மனுஷன் அன்றைக்குப் பார்த்துச் சொன்னார்.

பஸ்ஸில் சீட்டு இருந்தும் அவள் உட்காரவில்லை. அத்தை திட்டினால் வாங்கிக்கொள்ளலாம், அழுதால் காலில் விழலாம். ஆனால் அந்த இரண்டு மணி நேரம் போய்விடுமே. அதைத்தான் அவள் திரும்பத் திரும்ப நினைத்தாள். பொய் சொன்ன வெட்கத்தைவிடக் கதவு திறந்துவிடுமே என்ற பயம் பெரிதாக இருந்தது. நான் எவ்வளவு கெட்டவள் என்று தன்னையே நொந்துகொண்டாள்.

வீட்டு முற்றத்தில் சுப்புத்தாய் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போன் கிடந்தது. வன்னியபெருமாள் குட்டிக்காகப் போன் அடித்ததோடு நில்லாமல், எந்தக் குட்டி என்று காட்டப் படத்தையும் எழுத்தையும் சேர்த்து அனுப்பியிருந்தான். சுப்புத்தாய் எட்டாவது படித்தவள். கண்ணாடி போட்டு இரண்டு தடவை வாசித்திருந்தாள்.

"என் குரல் அம்புட்டுச் சத்தமாட்டி?" என்றாள்.

இந்துஜா வாசல்படியிலேயே நின்றாள். "தப்புத்தான் அத்தை. மன்னிச்சிக்கிடுங்க."

"நான் ஒனக்கு நேர்ந்துகிட்டு மூணு செவ்வா விரதம் இருந்தேன்."

"தெரியும் அத்தை."

"தெரிஞ்சுமா?" சுப்புத்தாயின் குரல் உடைந்தது. கோபத்தைவிட அவளுக்கு அவமானம்தான் அதிகமாக இருந்தது. கீரைக் காம்பை ஒவ்வொன்றாக முறித்துப் போட்டாள். பிறகு கேட்டாள். "மணியாச்சில நாள் பூரா என்னட்டி செஞ்ச?"

"ஒண்ணுஞ் செய்யல. சும்மா இருந்தேன்."

"சும்மான்னா?"

"ஒருத்தரும் கூப்பிடல அத்தை."

சுப்புத்தாய் கீரையை விட்டுவிட்டு நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். இந்த வீட்டுக்கு வந்து முப்பத்தோரு வருஷம் ஆகிறது அவளுக்கு. சுப்பு, எம்மா, அத்தை, மதினி என்று நாலு பக்கத்திலிருந்தும் கூப்பிட்டுக்கொண்டே இருந்த முப்பத்தோரு வருஷம்.

"நல்லா இருந்துச்சா?" என்று கேட்டாள். கேலி இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

இந்துஜாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "ரொம்ப நல்லா இருந்துச்சு அத்தை."

சுப்புத்தாய் எழுந்து, மடியில் கிடந்த கீரையை உதறினாள். தொட்டித் தண்ணீரில் முகம் கழுவினாள். முந்தியால் துடைத்துக்கொண்டே, "குழம்புக்குப் புளி ஊறுது. கறுப்பு ஆட்டுக் குட்டி இன்னும் பால் குடிக்கல. ஒங்க மாமாவுக்குச் சோத்தக் கெட்டிக் குடுத்து விடணும்" என்றாள். பிறகு உள்ளறைக்குள் போனாள். ஓரம் தின்ற கைடை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். எழுந்து வந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

மணி அஞ்சு.

இந்துஜா புளியைக் கரைத்தாள், குட்டியைப் பிடித்தாள், தண்ணீர் தூக்கினாள். இத்தனையையும் ஒரு வருஷத்துக்கு மேலாக ஒரு பெண்பிள்ளை தனியாகச் செய்திருக்கிறாள் என்பது இடுப்பு வலித்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. இடையில் ஒருதரம் ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தாள். சுப்புத்தாய் ஒரு பக்கத்தையும் புரட்டவில்லை. கைகளைக் கைடின்மேல் வைத்துக்கொண்டு, எதிர்ச் சுவரைப் பார்த்துச் சும்மா உட்கார்ந்திருந்தாள். முகத்தில் சுருக்கமெல்லாம் விட்டுப்போய், யாரோ புதுசாக ஒரு பெண் மாதிரி இருந்தாள்.

ஆறு மணி சுமாருக்குக் கோகுலகிருஷ்ணன் கிடைக்குச் சோறு வாங்க வந்தான். காலில் ஒட்டிய கரிசலைப் படியில் தேய்த்துக்கொண்டே, வழக்கம்போலக் குரல் கொடுத்தான்.

"எம்மா! எம்மோவ்!"

அடுப்படியிலிருந்து கரண்டியோடு பாய்ந்து வந்தாள் இந்துஜா. மூன்றாவது தெருவில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்திருப்பார்கள்.

"சத்தம் போடாதிய! அத்தை உள்ள படிக்காவல்லா!"

அவன் திகைத்துப்போய், சாத்தியிருந்த கதவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். "எங்கம்மாவா? எதுக்கு?"

அவள் கரண்டியாலேயே கதவைக் காட்டினாள். உள்ளேயிருந்து சுப்புத்தாயின் குரல், இதுவரை அந்த வீட்டில் யாரும் கேட்டிராத அளவுக்கு மெதுவாக வந்தது.

"ஏழு மணி வரைக்கும் ஒண்ணுத்துக்கும் இல்லலே. சோத்த வாங்கிட்டுப் போ."