பேசிக்கொண்டே ஓடுகிறவர்

“நேத்து ராத்திரி கொழம்புல உப்பு கொறவு. சண்டை வேணாம்னு சாப்ட்டுட்டேன். மழ வந்தா கூரைத் தகரம் ஒழுகும். அதையும் நாந்தான் பாக்கணும்…”

வடிவேல் முதல் வளைவில் ஏறிக்கொண்டிருக்கிறார். லயத்து வீடுகளுக்கு மேலே மூன்று மடிப்பாக ஏறும் சாலையிலிருந்து அவர் குரல் தேயிலைச் செடிகளின் மேல் வழுக்கிக் கீழே வருகிறது. விடிகாலைப் பனிமூட்டத்தில் ஆள் தெரிவதில்லை. குரல் மட்டும்தான்.

“மனோ, ஒன் ரேடியோ கெளம்பிருச்சுடி,” என்கிறாள் பக்கத்து வீட்டு வேலாயி, பீலித் தண்ணீரில் குடத்தைப் பிடித்தபடி. “ஒங்க வீட்டுக் கொழம்புக் கதை இந்நேரம் வட்டகொடை ஸ்டேஷன் வரைக்கும் போயிருக்கும்.”

“போகட்டுங்கக்கா. சத்தம் வந்தாப் போதும்,” என்கிறாள் அவர் மனைவி மனோரஞ்சிதம். கை ரொட்டி மாவில் இருக்கிறது. காது சாலையில் இருக்கிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், வடிவேல் பேசாத மனிதர். தேயிலை ஸ்டோரில், கொழுந்து உருட்டும் ரோலர்களுக்கு நடுவே அவருக்குப் பாதி ஆயுள் கழிந்துவிட்டது. அந்த இரைச்சலில் வாய்க்கு வேலையில்லை, எல்லாம் கைதான். விரலைச் சுழற்றினால் கொழுந்தைப் போடு. உள்ளங்கையைக் கவிழ்த்து, காற்றை இரண்டு தரம் கீழே அமுக்கினால் மெஷினை மெதுவாக்கு. வீட்டுக்கு வந்தாலும் அதே பழக்கம். தேத்தண்ணி வேண்டுமென்றால் கட்டைவிரல் வாய்க்குப் போகும். கோபத்தில் மனோரஞ்சிதம் குரலை உயர்த்தினால் உள்ளங்கை கவிழும். “நான் என்னா ஒங்க ஸ்டோர் மெஷினா?” என்று அவள் இன்னும் கத்துவாள்.

ஓட்டம் அவருக்கு இளமையிலிருந்தே உண்டு. புதுவருசப் போட்டிகளில் தோட்டத்தின் கீழ்ப் பிரிவுக்காக ஓடியவர். தெரிந்த வேகம் ஒன்றே ஒன்றுதான். மலையில் இறங்கினாலும் அதுதான், ஏறினாலும் அதுதான். “ஏத்தம் வந்தா இன்னும் கொஞ்சம் அழுத்தணும், அவ்வளவுதான்,” என்பது அவர் கண்ட தத்துவம். அந்த அழுத்தம்தான் போன தை மாதம் கோயில் வளைவில் அவரைக் கீழே தள்ளியது. ஆஸ்பத்திரிக்குப் போன வேனில் அவர் தலை மனோரஞ்சிதத்தின் மடியில் இருந்தது. அன்று அவர் உதடு இருந்த நிறம் ரொட்டி தட்டும்போதுகூட அவளுக்கு ஞாபகம் வந்துவிடுகிறது.

இருதயத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, பிரஷர்தான் ஏறியிருக்கிறது என்றார்கள். “ஓடாமலே இருந்துட்டா நல்லதுங்களா?” என்று கெஞ்சாத குறையாகக் கேட்டாள் மனோரஞ்சிதம். அங்கிருந்த சிங்கள டாக்டர் அம்மா சிரித்துவிட்டு, வடிவேலைப் பார்த்துச் சொன்னார்: “கதா கர கர துவன்ன.” பேசிக்கொண்டே ஓடுங்கள். மூச்சு முட்டாமல் நாலு வார்த்தை பேச முடிகிற வேகம்தான் உங்களுக்கு அளவு, ஏற்றத்தில் பேச்சு திக்கினால் நடந்துவிடுங்கள் என்பது அதன் பொருள். வடிவேலோ அதை மாத்திரையைப் போல எடுத்துக்கொண்டார். அடியெடுத்து வைத்ததிலிருந்து திரும்பி வரும்வரை ஓயாமல் பேச வேண்டும்!

பேசுவதற்கு விஷயம் வேண்டுமே. முதல் வாரம் எதிர்ப்பட்ட நாய்களைக்கூட நலம் விசாரித்தார். அப்புறம் குடும்பக் கதை வந்தது. இரண்டாவது வளைவுக்கு மேல் ஏற்றம் செங்குத்து. அங்கே யோசித்துப் பேச முடியாது. அதனால் ரயில் ஏறுகிற வரிசையிலேயே ஸ்டேஷன்களைச் சொல்ல ஆரம்பித்தார். “ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை, வட்டகொடை, கிரேட் வெஸ்டர்ன், ரதல்ல, நானுஓயா…” மலை உச்சியை எட்டும்போது வாயில் பட்டிப்பொல வரும். அங்கே திரும்புவார்.

மனோரஞ்சிதத்துக்கு இப்போது அந்தப் பாதை மனப்பாடம். பெயர்கள் ஒரே சீராக வந்தால் ரொட்டி ஒழுங்காக வேகும். “கிரேட்… வெஸ்டர்ன்” என்று இடையில் மூச்சு வாங்கினால் கை அப்படியே நின்றுவிடும்.

பெரட்டுக்குப் பேர் கொடுக்கப் போகும் பெண்கள் கூடையும் தலையுமாக நடந்தே அவரை முந்திவிடுவார்கள். “என்னாண்ணே, நான் நடந்தே ஒங்கள முந்திட்டேனே!” என்பாள் ராக்காயி.

“போம்மா போ. நீ எக்ஸ்பிரஸ், நான் சரக்கு ரயிலு.”

அந்தப் பதில் காதில் விழுந்ததும் மனோரஞ்சிதம் மூச்சு விடுவாள். ஆனாலும் அவளுக்குத் தெரியும், பழைய ஓட்டக்காரர் உள்ளே செத்துவிடவில்லை. ஒருநாள் யாராவது சீண்டுவார்கள். வாயை மூடிக்கொண்டு துரத்துவார். வடிவேலின் வாய் மூடினால், கால் வேகம் பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

போன வியாழக்கிழமை, இரவெல்லாம் காற்றடித்து ஓய்ந்த காலை. “கிரேட் வெஸ்டர்ன், ரதல்ல…” என்று குரல் வந்தது.

நானுஓயா வரவில்லை.

“அக்கா, கேட்டீங்களா?”

வேலாயி குடத்தைப் பீலியிலிருந்து எடுத்துவிட்டு, தலையைச் சாய்த்துக் கேட்டாள். தண்ணீர் கல்லில் விழும் சத்தம்தான். “தொண்ட கட்டிருக்கும்டி,” என்றாள். சொன்ன விதத்தில் அவளுக்கே நம்பிக்கையில்லை. ரொட்டி கருகியது. மனோரஞ்சிதம் மாவுக் கையோடு சாலைக்கு ஏறிவிட்டாள்.

முதல் வளைவில் “என்னங்க!” என்று கூப்பிட்டாள். பதில் இல்லை. இரண்டாவது வளைவில் கூப்பிட மூச்சு இல்லை. நாளெல்லாம் கொழுந்தெடுக்க மலை ஏறி இறங்குகிற கால்கள்தான். ஆனால் இப்படி ஓடியதில்லை. ஒரு செருப்பு எங்கோ கழன்றது. ஏற்றம் கூடக்கூட இன்னும் அழுத்தினாள்.

கோயில் வளைவில் வடிவேல் நின்றுகொண்டிருந்தார். நிமிர்ந்து, மண்மேட்டில் முதுகை ஒட்டி, ஒவ்வோர் அடியாகப் பக்கவாட்டில் நகர்ந்தார். அவருக்கு மேலே யூகலிப்டஸ் கிளை முறிந்து, குளவிக்கூடு ஒன்று கிழிந்து தொங்கியது. சுற்றிலும் குளவிகள் கறுப்பாகப் புகைபோலச் சுழன்றன. கத்தினாலும் ஓடினாலும் மொத்தமும் இறங்கிவிடும். தோட்டத்தில் பிறந்த எவருக்கும் அதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

அவளைக் கண்டதும் அவர் வலது உள்ளங்கை கவிழ்ந்தது. காற்றை இரண்டு தரம் கீழே அமுக்கியது.

மனோரஞ்சிதம் நின்றாள். வாயைப் பொத்திக்கொண்டாள். நெஞ்சுக்குள் அடித்த சத்தம் குளவிக்குக் கேட்டுவிடுமோ என்றிருந்தது. அவர் மெல்ல வந்து அவள் முழங்கையைப் பிடித்தார். வளைவைத் தாண்டி, சிறு பாலத்தின் திட்டில் உட்காரவைக்கும்வரை இருவரும் பேசவில்லை.

“எங்க, பேசு பாப்பம்,” என்றார் வடிவேல்.

திட்டுவதற்கு வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

“ரதல்லைக்கு அடுத்தது என்னா? சொல்லு.”

“நா…” என்றாள். அதற்குமேல் வரவில்லை. அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தவரின் முகம் மாறியது.

“அடியே மனோ! என்னாடி ஆச்சு? ஒரு சத்தத்தையும் காணோமே!” கீழே பனிக்குள்ளிருந்து வேலாயி கத்தினாள்.

வடிவேல் அவள் முன்னால் குந்தி உட்கார்ந்து, உள்ளங்கையைக் கவிழ்த்துக் காற்றைக் கீழே அமுக்கினார். இன்னொரு தரம். இன்னும் மெதுவாக, இன்னொரு தரம். அவளுடைய மூச்சு அந்தக் கைக்குக் கீழே படியும்வரை.