படகுக் கொட்டகையில் ஒரு வெள்ளிக்கிழமை

பழவேற்காடு ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில், எங்கள் குப்பத்தில் ஒரு படகுக் கொட்டகை இருந்தது. இன்று அங்கே யாரோ ஐஸ் பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். அது எதற்காகக் கட்டியது என்று கேட்டால் சொல்ல ஆளில்லை. அதனால் நான் சொல்கிறேன். எனக்கு அழகாகச் சொல்ல வராது.

அறுபதுகளில் ஒரு புயலுக்குப் பிறகு அரசாங்கத்தில் அந்தப் படகைக் கொடுத்தார்கள். பொன்னேரி வழியாக லாரியில் வந்தது. வெள்ளை உடம்பு, சிவப்புக் கோடு, ஆறு துடுப்பு. கடலில் கவிழ்ந்தவனைத் தூக்கி வர மட்டும்தான் அது. மீன் பிடிக்கக் கூடாது. சவுக்குக் கம்பம் நட்டு, மேலே ஷீட் போட்டுக் கொட்டகை கட்டினோம். வாசலில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கியது. ஆபத்தென்றால் அதைத் தட்ட வேண்டும். கொடுக்க வந்தவர்கள் மாலை போட்டுக்கொண்டு, இளநீர் குடித்துவிட்டுப் போனார்கள். யார் ஓட்டுவது என்று ஒருவரும் சொல்லவில்லை.

அதை எங்கள் ஊர்த் தலைவர் முடிவு செய்தார். எங்களுக்குத் தெரிந்த ஒரே வழி பாடு. ஏரியில் மீன் விழும் இடங்களைச் சீட்டுப் போட்டு, நாள் வைத்துப் பிரித்துக்கொள்வோம். இன்று உன் முறை என்றால் நீதான் வலை போடலாம். நீ வராவிட்டால், மீன் துள்ளினாலும் இன்னொருவன் இறங்க மாட்டான். அதனால்தான் குப்பத்தில் வெட்டுக்குத்து இல்லாமல் இருந்தது. படகுக்கும் அதையே வைத்தார். ஒரு கிழமைக்கு ஒரு குடும்பம், ஆறு ஆண்கள். ஒரு பலகையில் எழுதிக் கொட்டகையில் தொங்கவிட்டோம். எங்கள் வீட்டுக்கு வெள்ளிக்கிழமை.

அந்த வெள்ளிக்கிழமைகளை நான் மறக்கவில்லை. அண்ணன் துடுப்புகளுக்கு எண்ணெய் தடவுவார். நாங்கள் மணலில் கோடு போட்டு ஆடுபுலி ஆடுவோம். அண்ணி கூடையில் சோறும் மடவை மீன் குழம்பும் கொண்டுவந்து வைத்துவிட்டு, "ஊர காப்பாத்துற மூஞ்சிங்கள பாரு, எழுந்து கை கழுவ முடியல" என்பார். பெயிண்ட் வாசனையும் குழம்பு வாசனையும் கலந்து அடிக்கும். எழுபதுகளில் படகின் அடிப்பலகை மக்கியது. நான் கும்மிடிப்பூண்டியில் ஷிப்ட் வேலைக்குப் போனேன். கேண்டீன் சோறு ஒரு நாளும் அப்படித் தொண்டையில் இறங்கவில்லை.

இனி அந்த நாளைச் சொல்ல வேண்டும். ஐப்பசி மாதம், புதன்கிழமை, பகல். புதன்கிழமைக் குடும்பத்தார் மொத்தமாக ஆரணிக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். காலையில் கடல் சும்மாதான் கிடந்தது. மதியம் காற்று திரும்பியது. அண்ணனும் அவர் கூட்டாளியும் போன கட்டுமரம் முகத்துவார அலையில் புரண்டு, கட்டு அவிழ்ந்து, மரங்கள் சிதறின. கரையிலிருந்து இரண்டு தலைகள் தெரிந்தன. அந்த அலையில் இன்னொரு கட்டுமரம் போனால் அதுவும் புரளும். கனமான அந்தப் படகுதான் தாங்கும். யாரோ தண்டவாளத்தைத் தட்டினார்கள். ஊரே ஓடி வந்தது. வந்து நின்றது.

நான் படகில் கை வைத்தேன். தலைவர் தடுத்தார்.

"அவுங்க மொறடா அது. இன்னிக்கு இதுல கைய வெச்சா, நாளைக்கு ஏரியில அடுத்தவன் எடத்துல வல போடுவ."

நான் கையை எடுத்தேன். அண்ணன் கடலில் கிடக்கிறார், நான் கையை எடுத்தேன். இதை வேறு யார் தலையிலும் கட்ட முடியாது. ஆரணிக்கு ஆள் அனுப்பலாமா என்று பேசினார்கள். ஆரணிக்கு.

அண்ணி குப்பத்துக்குள் ஓடினார். புதன்கிழமை வீட்டில் அவர்களின் பெரிய மகள் மட்டும் இருந்தாள். வீட்டு விலக்கு என்று கல்யாணத்துக்குக் கூட்டிப் போகவில்லை. ஒதுங்கி உட்கார்ந்திருந்தவளின் கையைப் பிடித்து அண்ணி கரைக்கு இழுத்து வந்தார். அந்த நாட்களில் அவள் படகுப் பக்கமே வரக் கூடாது. ஆனால் ஊர் முன்னால் இரண்டு வீட்டாரும் சம்மதித்தால் முறையை மாற்றிக்கொள்ளலாம். அது பழைய வழக்கம். நின்ற ஆண்களில் ஒருவனுக்கும் அது தோன்றவில்லை.

"எங்க ஊட்டு வெள்ளிக்கெழமய நீங்க வெச்சிக்கோங்க. ஒங்க புதன எனுக்குக் குடு" என்றார் அண்ணி.

"குட்த்துட்டேன்க்கா. எங்கப்பன் கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்" என்றாள் அந்தப் பெண். பிறகு எங்கள் பக்கம் திரும்பினாள். "இன்னும் இன்னாத்த பாத்துகினு நிக்கிறீங்க?"

தலைவர் விலகி வழி விட்டார். படகைத் தள்ளினோம். அண்ணியும் தள்ளினார், அந்தப் பெண்ணும் தள்ளினாள்.

அண்ணன் ஒரு மரத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு மிதந்தார். கூட்டாளியைக் காணவில்லை. "இப்பத்தான் கைய விட்டான்" என்றார் அண்ணன். நாங்கள் கரையில் நின்ற நேரம்தான் அந்த 'இப்பத்தான்'.

வெள்ளிக்கிழமை வந்தது. மாற்றிக்கொண்டபடி அது புதன்கிழமை வீட்டாரின் நாள். விடிந்ததும் அந்த ஆறு பேரும் வந்து உட்கார்ந்தார்கள். வீங்கிய காலோடு அண்ணனும் போய் உட்கார்ந்தார். நாங்களும் போனோம். யாரும் கோடு போடவில்லை. அண்ணி எல்லோருக்கும் சேர்த்துச் சோறு கொண்டுவந்தார். அப்போது தலைவர் வந்து, கிழமைப் பலகையைக் கழற்றினார். இனிமேல் எவன் முதலில் ஓடி வருகிறானோ அவன் தள்ளட்டும் என்றார். பலகையை அடுப்புக்கு வைத்துக்கொள்ளச் சொல்லி அண்ணியிடம் நீட்டினார்.

அண்ணி வாங்கவில்லை. "எங்கிட்ட இன்னாத்துக்கு? அவன் பொண்டாட்டிகிட்ட கொண்டும்போய் குடுங்க."

தலைவர் பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கூட்டாளியின் வீட்டுப் பக்கம் நடந்தார்.