கழுவினவளின் வண்டி

அந்த ஐஸ்கிரீம் வண்டியின் சரித்திரத்தைக் கேட்டால், அந்தக் குடும்பத்து ஆண்கள் மாமனாரில் ஆரம்பித்து மாமனாரிலேயே முடிப்பார்கள். அவர் பழைய பால் வண்டி ஒன்றை வாங்கினார், அதன் இன்ஜினிலேயே ஓடுகிற மாதிரி மெஷினைப் பொருத்தினார், முப்பது வருஷம் தெருத்தெருவாகப் பாட்டுப் போட்டு விற்றார். எல்லாம் வாஸ்தவம். ஆனால் அதில் பதினெட்டு வருஷம் தினமும் சாயங்காலம் மெஷினைக் கழுவியது யார் என்று கேளுங்கள், அத்தனை பேருக்கும் காது கேட்காமல் போய்விடும்.

கழுவியது மூத்த மருமகள். கல்யாணமாகி வந்த இரண்டாம் வாரமே வாளியும் பிரஷ்ஷும் அவள் கைக்கு வந்தன. விற்பது ஆம்பளை வேலை, கழுவுவது பொம்பளை வேலை. இது அந்த வீட்டுச் சட்டம். சாஃப்ட் ஐஸ்கிரீம் மெஷின் லேசுப்பட்டதில்லை. மேலே தொட்டியில் கலவையை ஊற்றினால் உள்ளே ஒரு உருளையில் அது உறையும். உறைய உறைய ஒரு துடுப்பு கடைந்துகொண்டே இருக்கும். இரண்டு நாள் கழுவாமல் விட்டால் இடுக்கில் தங்கின பால் புளித்துவிடும். அதனால் நாலு திருகைக் கழற்றி, முகப்பை எடுத்து, துடுப்பை உருவி, ரப்பர் வளையங்களை ஒவ்வொன்றாக வெந்நீரில் அலசி, மறுபடி பூட்டவேண்டும். அவள் விரல் வெந்து தோல் உரிந்ததை ஒருத்தரும் கேட்கவில்லை.

மாமனார் கண்ணை மூடின மாதமே கொழுந்தன் வந்து நின்றான்.

"அண்ணி, வண்டிய இனிமே நான் பாத்துக்கறேன். நீங்க வழக்கம்போல கழுவிக் குடுங்க. சும்மா வேணாம், சம்பளம் தர்றேன்."

அவளுக்குச் சுருக்கென்றது. "இத்தனை வருஷம் கழுவினவளுக்கு விக்கவும் வரும், தம்பி. சாவி என்கிட்டயே இருக்கட்டும்."

"என்னண்ணா, நீ ஒண்ணும் கேக்க மாட்டியா?" என்று அண்ணனிடம் திரும்பினான். அண்ணன் நூலகத்தில் வேலை பார்ப்பவர். சத்தமாகப் பேசியே பழக்கமில்லாத மனுஷர். "அவளே ஓட்டட்டும்டா," என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவரோடு இன்னொரு ஜென்மம் குடித்தனம் நடத்தலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

கொழுந்தன் சும்மா இருப்பானா? கடனோ உடனோ வாங்கி, பளபளவென்று புது வண்டி இறக்கினான். விளையாட்டு மைதானத்தின் மேற்கு வாசலில் அவள் நின்றால், கிழக்கு வாசலில் அவன். "அண்ணி ரெண்டு மாசம் தாங்க மாட்டாங்க," என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னான். அவள் மூன்று வருஷம் தாங்கினாள். மதியம் விற்றதும் அவளே, சாயங்காலம் கழுவினதும் அவளே.

அப்புறம்தான் மைதானத்து நிர்வாகம் குண்டைத் தூக்கிப் போட்டது. அடுத்த வருஷத்திலிருந்து ஒரே ஒரு வண்டிக்குத்தான் அனுமதி; எந்த வண்டிக்கு என்பதைச் சுகாதார இன்ஸ்பெக்டர் பார்த்துச் சொல்வார். மைதானம் போனால் அவள் பிழைப்பே போச்சு. தெருவில் விற்பது டீசலுக்குத்தான் கட்டும். அந்த நேரம் பார்த்து, மேற்கு வாசல் மெஷின் ஓட்டை உடைசல், அழுக்கு என்று ஒரு புகாரும் போனது. கீழே கொழுந்தன் கையெழுத்தே போட்டிருந்தான். அந்த மட்டுக்கும் யோக்கியன்.

ஞாயிற்றுக்கிழமை, போட்டிக்கு வந்த கூட்டம் கோனுக்கு நீளமாக நிற்கும்போது இன்ஸ்பெக்டர் வந்தார். "கொஞ்சம் ஓரமா வந்து பேசலாமாம்மா?" என்றார் தன்மையாக.

"எதுக்குங்க ஓரம்? அழுக்குன்னு ஊரெல்லாம் சொல்லியாச்சு. ஊரே பாக்கட்டும்."

மடியில் கனமில்லாதவளுக்கு வழியில் என்ன பயம்? கலவையை வடித்தாள். நாலு திருகையும் கையாலேயே கழற்றினாள். வெள்ளைத் துணி விரித்து முகப்பு, துடுப்பு, வளையம் என்று வரிசையாக வைத்தாள். ஒரு வளையத்தில் மட்டும் மயிரிழை மாதிரி ஒரு கீறல். உள்ளங்கையில் மறைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவள் அதை இன்ஸ்பெக்டர் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"இது இன்னைக்குக் கிழிஞ்சிருக்கு. எழுதிக்கங்க. மாத்து வளையம் இருக்கு, உங்க எதிர்லயே போடறேன்."

எழுதிக்கொண்டார். அவள் வளையத்தை மாற்றி, எல்லாவற்றையும் பூட்டிப் புதுக் கலவை ஊற்றுகிற வரை நின்று பார்த்துவிட்டு, கிழக்கு வாசலுக்குப் போனார்.

கால் மணி நேரம் ஆகியிருக்கும். கொழுந்தன் வேர்த்து விறுவிறுத்து அவள் ஜன்னலில் வந்து நின்றான். "அண்ணி, ஒரு நிமிஷம் வாங்க. அந்தத் திருகு திரும்பவே மாட்டேங்குது. மெஷினே கோளாறு போல."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். "இத்தனை நாளா எப்படிக் கழட்டினே?"

"கம்பெனி ஆளு மாசத்துக்கு ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போவான்."

அவள் வரிசையில் நின்றவர்களிடம் "இதோ வந்துட்டேன்," என்று சொல்லிவிட்டு நடந்தாள். புது வண்டியில் ஏறி, நாலு திருகையும் திருகி, முகப்பை இழுத்தாள். புளிப்பு வாடை குப்பென்று அடித்ததில், கோனுக்கு நின்றவர்கள் இரண்டடி பின்னால் போனார்கள். இன்ஸ்பெக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு பேனாவைத் திறந்தார்.

கொழுந்தன் அவள் காதோரம் குனிந்தான். "அண்ணி, அவர் எழுதறதுக்குள்ள சட்டுனு ஒரு தடவ கழுவிக் குடுத்துடுங்க."

வாளியை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். "கழட்டித் தரத்தான் வந்தேன், தம்பி. கழுவ மாட்டேன். நல்லா வெந்நீரா ஊத்திக்க. முதல் வாரம் விரல் வேகும், அப்புறம் பழகிடும்."